சாவித்துவாரம் வழியாகக் குழாய் வேலை

வர்னா
ஏப்ரல் 9, 2011

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். நேற்று மட்டும் நான்கு முறை. அதனால்தான் கடிதம். போனை வைத்தால் அது வாயை மூடிக்கொள்ளும். கடிதத்தை எங்கே வைத்தாலும் வாயைத் திறந்தபடியேதான் கிடக்கும்.

ஸ்தான்கா அத்தை நன்றாக இருக்கிறார். கடலும் நன்றாக இருக்கிறது. நான்தான் இல்லை. எனக்குக் கொடுத்த அறையில் நானும் தையல் மிஷினும் படுக்கிறோம். அது என்னைவிட அதிகம் பேசுகிறது.

சரி, வழக்குக்கு வருகிறேன். ஏப்ரல் ஒன்றாம் தேதி நம் கேட்டில் அஞ்சலித் தாள் ஒட்டியது குற்றம்தான். கறுப்புக் கரை, உங்கள் போட்டோ, கீழே: "கோஸ்தாதின் தோனெவ், 54, பிளம்பர். நெடுநாள் சோபாவோடு போராடி, டிவியின் மடியில் அமைதியாகக் கண்மூடினார். துயரத்துடன்: மகள் நெவேனா, பிரிட்ஜ், பக்கத்து வீட்டுப் பூனை." நம் ஊரில் எந்த கேட்டைப் பார்த்தாலும், எந்தக் கம்பத்தைப் பார்த்தாலும் செத்தவர் முகம்தானே தொங்குகிறது. ஒரு முகமாவது உயிரோடு இருக்கட்டுமே என்று நினைத்தேன். முதல் வரிக்குக் கீழே யாரும் படிக்க மாட்டார்கள் என்பது தெரியாமல் போயிற்று. பெங்கா அக்கா செத்தவருக்குப் படைக்கிற வேகவைத்த கோதுமையோடு ஓடிவந்தார். ஸ்லாவி மாமா இரண்டு கார்னேஷன் பூவோடு வந்தார். செத்தவருக்கு இரட்டைப்படை என்று எண்ணி வாங்கியிருக்கிறார் பாருங்கள்! எனக்கு வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரிப்பு.

அப்போதுதான் நீங்கள் வேனிலிருந்து இறங்கினீர்கள். தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்தீர்கள், உதடு அசைந்ததைப் பார்த்தேன். "டேய் கோஸ்தா, உயிரோடதான் இருக்கியா? இந்தப் பூவ இப்ப என்னடா பண்றது?" என்றார் ஸ்லாவி மாமா. நீங்கள் அதைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தீர்கள். "போங்கய்யா எல்லாரும்! இனிமே எவனும் என் வாசல்ல நிக்கக் கூடாது!" அப்புறம் என்னை அறைந்தீர்கள். பதினாறு வருஷத்தில் முதல் தடவை. மறுநாள் காலை அத்தை வீட்டுக்கு பஸ்.

போன வருஷம் வேனின் பின்னால் "சமையலறை அடைப்பு, குளியலறை அடைப்பு, மாமியாரோடு பேச்சு அடைப்பு, எல்லாம் நீக்கப்படும்" என்று நான் ஒட்டியதைக் கிழிக்காமல் மூன்று வாரம் ஓட்டியவர் நீங்கள். அந்த அப்பா எங்கே போனார்? இரங்கல் தாளுக்காக இத்தனை நாள் மனம் இறங்காமல் இருப்பது நியாயமா?

மன்னிப்பு கேட்கிறேன். பாதி. மீதிப் பாதி, நீங்கள் காரணம் சொன்ன பிறகு.

நெவேனா


கசன்லக்
ஏப்ரல் 16

நெவேனா,

பள்ளி மாற்றத்துக்கு வேண்டிய தாள்களை இந்த பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன். அத்தையிடம் கொடு. இந்த ஆண்டை அங்கேயே முடி. கனமான கோட்டு தனிப் பார்சலில் வரும். ஜிப்பைச் சரிசெய்துவிட்டேன்.

காரணம் கேட்காதே. உனக்கு எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும்.

இனி எழுத வேண்டாம்.

அப்பா


வர்னா
ஏப்ரல் 22

அப்பா,

உறையில் என் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. தடுப்பூசி அட்டை இருந்தது. மூன்றாம் வகுப்பு நன்னடத்தைச் சான்றிதழ்கூட இருந்தது, அதற்குப் பிறகு அப்படி எதுவும் யாரும் எனக்குத் தரவில்லை. இதற்கெல்லாம் நடுவில் உங்கள் பெயரில் ஒரு தாள். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்த அறிக்கை. தனியாக எடுத்து வைக்க மறந்திருக்கிறீர்கள்.

படித்தேன். பாதி லத்தீன். ஆனால் "கட்டி" என்பது புரிந்தது. "சதை பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது" என்பதும் புரிந்தது. மேலே இருந்த தேதி எல்லாவற்றையும்விட நன்றாகப் புரிந்தது. ஏப்ரல் ஒன்று, காலை பத்து இருபது.

அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வேனிலிருந்து இறங்கினீர்கள், இல்லையா? அப்படி வந்துதான் கேட்டில் உங்கள் முகத்தைப் பார்த்தீர்கள்.

மூன்று நாளாக எனக்கு ஒரு வேடிக்கையும் வரவில்லை. அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னடி ஜுரமா? உப்பு டப்பால சர்க்கரை இல்லாம உப்புதான் இருக்கு!" என்றார்.

பாதி மன்னிப்பு என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா? முழுசாக எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

சதைப் பரிசோதனை என்ன சொன்னது? எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதிவிட்டேன். இனி உங்கள் முறை.

நெவேனா


கசன்லக்
மே 2

நெவேனா,

அந்தத் தாளை வீடு முழுக்கத் தேடினேன். சோபாவைக்கூடப் புரட்டிப் பார்த்தேன்.

உன் அத்தையிடம் சொல்லாதே. அவள் வர்னாவில் அழுதால் இங்கே ஜன்னல் ஆடும்.

புற்றுநோய்தான். எழுத வருகிறது. வாயால் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நம் பக்கத்து ஆஸ்பத்திரி வழக்கம் உனக்குத் தெரிந்திருக்காது. இந்த மாதிரி முடிவை நோயாளியிடம் சொல்ல மாட்டார்கள். கூட வந்தவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள். நோயாளியிடம் புண் என்பார்கள், வீக்கம் என்பார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் மின்செவா தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். "வெளிய உட்காந்திருப்பாங்க, கூப்பிடுங்க." "வெளியவும் யாருமில்ல டாக்டர்." நம்பவில்லை போல. எழுந்துபோய்க் கதவைத் திறந்து நடையை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். பிறகு வேறு வழியில்லாமல் என்னிடமே சொன்னார்.

மற்றதெல்லாம் குழாய் விஷயம். இடது பக்கம், கீழே, குடல் வளைகிற இடத்தில் இருக்கிறது. அடைப்பு எப்போதும் எல்போவில்தான் வரும். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் இரண்டு முனையையும் சேர்க்க வேண்டும். இது எனக்குப் புரிகிற வேலை. ஆனால் வயிற்றைத் திறக்க மாட்டாராம். நான்கு சின்னத் துளை. ஒன்றில் கேமரா, மற்றதில் நீள நீளமான இடுக்கிகள். சாவித்துவாரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சுவரை உடைக்காமல் பைப்பை மாற்றித் தருகிறேன் என்று சொன்னவன் வேலை எதுவும் இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்டியதில்லை.

மே பத்து என்று தேதி கொடுத்தார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஒழுங்காகப் படி. கடல் பக்கம் தனியாகப் போகாதே.

அப்பா


வர்னா
மே 6

அப்பா,

நூலகத்தில் போய்ப் படித்தேன். ஆமாம், நான். நூலகர் என் பையைச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

பெரிய கீறல் போட்டால் வலி அதிகம், படுக்கை அதிகம், எழுந்து நடக்க நாளாகும். சாவித்துவாரம் என்றால் நாலு துவாரம், சுமார் ஒரு வாரம், அப்புறம் நம் வாசல் ஓரம். நோயை எடுப்பதில் இரண்டும் சமம் என்று போட்டிருக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யார் யோசிக்கிறார் என்பதுதான் அதைவிடப் பெரிய வேடிக்கை. ரொட்டிக்கடை சாக்கடை அடைத்தபோது தரையை உடைக்காமல் கேமரா வயரை உள்ளே விட்டு, "பாத்தீங்களா, ஒரு டைல் கூட நகரல!" என்று ஊர் முழுக்கச் சொன்னவர் யார்? அந்த வயருக்கு உளவாளி என்று பெயர் வைத்து, குளித்த குழந்தையைத் துவட்டுவதுபோலத் துடைத்துப் பெட்டியில் வைப்பவர் யார்? சாக்கடைக்கு உளவாளி ஆகும், சொந்தக் குடலுக்கு ஆகாதா?

வேறு ஏதோ இருக்கிறது. சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமைதான் பத்தாம் தேதி.

நெவேனா


கசன்லக்
மே 12

நெவேனா,

பத்தாம் தேதி போகவில்லை. அன்று ஒரு வீட்டில் கீசர் மாட்டினேன்.

வேறு என்ன என்று கேட்டாய். ஜாயிண்ட்தான்.

இத்தனை வருஷத்தில் எத்தனை ஜாயிண்ட் போட்டிருப்பேன். தண்ணீரைத் திறந்துவிட்டு, சுற்றிலும் விரலை ஓட்டிப் பார்த்து, விரல் காய்ந்திருந்தால்தான் பெட்டியை மூடுவேன். வயிற்றை மூடியபின் விரலை ஓட்டிப் பார்ப்பது யார்? அங்கே கசிந்தால் அது தண்ணீர் இல்லை. என்ன ஆகும் என்று பக்கத்துத் தெரு மனிதர் ஒருவர் விஷயத்தில் பார்த்திருக்கிறேன். இணைக்க முடியாவிட்டால் வயிற்றில் பை மாட்டுவார்களாம். அடுத்தவர் வீட்டில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறவன் நான்.

டாக்டரிடமே கேட்கலாமே என்பாய். உங்கள் ஜாயிண்ட் லீக் ஆகுமா என்று ஒரு பெரிய சர்ஜனிடம் ஒரு பிளம்பர் எப்படிக் கேட்பான்? என்னிடம் யாராவது கேட்டால் நான் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

நீயும் எதுவும் கேட்டு வைக்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

அப்பா


வர்னா
மே 17

அப்பா,

கேட்டுவிட்டேன். கத்தாதீர்கள். கத்தினாலும் இங்கே கேட்காது, அந்தத் திறமை அத்தைக்கு மட்டும்தான்.

வார்டுக்குப் போன் செய்து டாக்டர் மின்செவா வேண்டும் என்றேன். வந்தார். "வணக்கம் மேடம், அகில பல்கேரிய பிளம்பர் சங்கத்திலேருந்து பேசறோம்."

"எங்க வார்டுல எந்தக் குழாயும் கெட்டுப்போகலையே."

"ஒண்ணு கெட்டிருக்கு மேடம். கோஸ்தாதின் தோனெவோட குழாய்."

"உனக்கு என்ன வயசு?"

"சங்கத்துக்கு நாப்பது வருஷம் ஆச்சு."

"உனக்கும்மா."

"பதினாறு."

"மகளா? தனக்கு யாருமே இல்லைன்னாரே அவர்."

அந்த இடத்தில் சங்கம் கலைந்துவிட்டது அப்பா. மூக்கை உறிஞ்சாமல் பேச முடியவில்லை. அவர் போனை வைக்கவில்லை. "மெதுவா. எனக்கு அவசரமில்ல" என்றார்.

பிறகு உங்கள் கேள்வியைக் கேட்டேன். சேர்த்த பிறகு லீக் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள், எங்கள் அப்பா தண்ணீரைத் திறந்துவிட்டு விரலால் பார்ப்பார் என்று. அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வயித்துக்குள்ள தண்ணி விட்டு, நாங்க சேத்த இடத்த முழுசா மூழ்க வெப்போம். அப்புறம் பின்பக்கமா குடலுக்குள்ள காத்தடிப்போம். கேமராவுல பாத்துக்கிட்டே இருப்போம். குமிழி வந்தா கசியுதுன்னு அர்த்தம்."

"சைக்கிள் டியூப்ல பஞ்சர் பாக்கற மாதிரியா?"

"அதேதான்."

"குமிழி வந்தா?"

"மறுபடி தைப்போம். மறுபடி காத்தடிப்போம்."

நீங்கள் கேஸ் பைப்புக்குச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பீர்களே, அது! கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

பொய் சொல்ல மாட்டேன் என்று இதையும் சொன்னார்: குமிழி வராவிட்டாலும் சில பேருக்குப் பிறகு கசிவதுண்டு. அதனால்தான் சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிப்பார்கள். பை பெரும்பாலும் தேவைப்படாது, ஆனால் உள்ளே பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும். போட்டாலும் அநேகமாகச் சில மாதம்தான். ஜூன் இரண்டாம் தேதி ஓர் இடம் இருக்கிறதாம். வரும் திங்கள் வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டாராம். அதற்கு மேல் தள்ளினால், "அப்புறம் நாலு துளையில முடியுமான்னு எனக்கே தெரியாது" என்றார்.

கூட வந்தவரிடம்தான் சொல்வார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கூட வந்தவள் நான்தான் அப்பா. ஐந்து மணி நேர பஸ் தூரத்தில் கூட வந்திருக்கிறேன்.

சனிக்கிழமை புனித கோஸ்தாதின் திருநாள், உங்கள் பெயர்நாள். பெயர்நாளுக்கு அழைப்புக் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் என்னை அனுப்பியது நீங்கள். அதனால் கேட்கிறேன், வரட்டுமா?

நெவேனா


கசன்லக்
மே 24

நெவேனா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பதில் போட்டிருந்தாலும் சனிக்கிழமைக்குள் சேர்ந்திருக்காது. போன் செய்திருக்கலாம். செய்யவில்லை.

பெயர்நாள் எப்படிப் போயிற்று என்று கேட்பாய். ஆட்டுக்கறி சுட்டேன். தக்காளியும் வெள்ளரியும் வெட்டி, மேலே வெள்ளைச் சீஸ் துருவினேன். ரக்கியாச் சாராய பாட்டிலைக் கிணற்றுத் தண்ணீரில் குளிர வைத்தேன். காலையிலேயே கேட்டை விரியத் திறந்து செங்கல் வைத்தேன். போன வருஷம் இருபது பேருக்குமேல் வந்தார்கள், நாற்காலி போதாமல் குழாய்களை அடுக்கி அதன்மேல் பலகை போட்டோம். இந்த வருஷம் மாலை ஏழு வரை கேட்டு திறந்தே இருந்தது. ஸ்லாவி எதிர்ப்பக்க நடைபாதையில் போனான். என்னைப் பார்த்தான், தொப்பியைத் தொட்டான், போய்விட்டான். இனிமேல் வாசலில் நிற்காதீர்கள் என்று ஏப்ரலில் சொன்னேன். சொன்ன பேச்சைக் கேட்கிற ஊர். நானும் எழுந்துபோய்க் கூப்பிடவில்லை.

உன் கடிதத்தை எதிரே வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். குமிழி பற்றி எழுதிய பக்கத்தில் எண்ணெய் பட்டுவிட்டது.

திங்கள்கிழமை போனேன். "வாங்க, சங்கத்துலேருந்து போன் வந்துது" என்றார் டாக்டர். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் கேட்டேன். எல்லாம் கேட்டேன். காகிதத்தில் படம் போட்டார். முனைகளை வட்டமாக ஒரு ஸ்டேப்ளரால் சேர்க்கிறார்கள், சின்னச் சின்ன டைட்டானியம் பின். "தையலவிட இது தாங்குமா?" என்றேன். "நீங்க திரி சுத்துவீங்களா, வாஷர் போடுவீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். அரை மணி நேரம் பேசியிருப்போம். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள்.

ஜூன் இரண்டு, காலை ஒன்பது மணி. கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஸ்தான்காவிடம் நானே போனில் சொல்லிவிட்டேன். அவள் அழுதது உனக்குக் கேட்டிருக்கும்.

நீ வராதே. பையோடு எழுந்தால் முதலில் அதை நான் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுந்திருக்காவிட்டால் அதையும் நீ பார்க்க வேண்டாம்.

அப்பா


வர்னா
ஜூன் 2, மாலை 4 மணி

அப்பா,

வராதே என்றீர்கள். வரவில்லை. பஸ் நிலையம் வரைக்கும் போனேன், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

காலையில் பள்ளிக்குப் போகவில்லை. ஒன்பது மணியிலிருந்து நடந்துகொண்டே இருந்தேன். பன்னிரண்டுக்குச் சங்கு ஊதியது. ஜூன் இரண்டு தியாகிகள் நாள் என்பதையே மறந்துவிட்டேன். எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கார்கள் நின்றன, ஐஸ்கிரீம்காரர் கரண்டியைப் பிடித்தபடி நின்றார், நாய்க்குட்டியை இழுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நின்றார். நாட்டுக்காக மாண்டவர்களுக்காக ஊருக்கே மூச்சு நின்றது. நான் மட்டும் நிற்கவில்லை. நீங்கள் உள்ளே இருந்தீர்கள். இன்று செத்தவர் யாருக்காகவும் என்னால் நிற்க முடியாது என்று தோன்றியது. நடுத்தெருவில் என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தாத்தா பல்லைக் கடித்துக்கொண்டு, "வெக்கமா இல்ல உனக்கு?" என்றார். இருந்தது. ஆனாலும் நடந்தேன். இரண்டு நிமிஷம் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு அத்தை வார்டுக்குப் போன் செய்தார். "முடிஞ்சுது, தூங்கறார், காலைல கேளுங்க." அவ்வளவுதான். குமிழி வந்ததா, பை இருக்கிறதா என்று கேட்கச் சொல்லி அத்தை கையைக் கிள்ளினேன். அதற்குள் நர்ஸ் வைத்துவிட்டாள்.

அந்தத் தாளை ஒட்டியதற்காக வருத்தப்படுகிறேன் அப்பா. முழுசாக. இந்த வரியில் வேடிக்கை எதுவும் ஒளித்து வைக்கவில்லை.

இப்போது அத்தை சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸை உரித்துக்கொண்டே இருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கு அவ்வளவு பீன்ஸ் வேண்டாம்.

நெவேனா


மாவட்ட மருத்துவமனை, இரண்டாம் மாடி
ஜூன் 6

நெவேனா,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணல்.

பை இல்லை. நான்கு சின்ன பிளாஸ்திரி, அடிவயிற்றில் ஒன்று மட்டும் விரல் நீளம். வெட்டிய துண்டு வெளியே வர வழி வேண்டுமே. காற்றடித்தபோது ஒரு குமிழி கூட வரவில்லையாம். துண்டையும் சுற்றியிருந்த நிணநீர்க் கணுக்களையும் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பரவியிருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். சில வாரம் ஆகும். அதை அப்போது பார்ப்போம்.

வார்டில் நான்கு கட்டில். சாயங்காலம் மூன்று கட்டிலைச் சுற்றியும் கூட்டம், சூப், பேரக்குழந்தைகள். என் கட்டிலுக்கும் ஒரு நாற்காலி உண்டு. "இதுல யாரும் உக்காரலியே?" என்று கேட்டு எடுத்துப் போவார்கள். போகும்போது திருப்பி வைத்துவிடுவார்கள், நல்ல மனிதர்கள்.

உள்ளே ஜாயிண்ட் பிடித்துக் குடல் மறுபடி ஓடத் தொடங்கியதா என்பதற்கு இங்கே ஒரே ஒரு கேள்விதான். டாக்டர் கேட்பார், நர்ஸ் கேட்பார், தரை துடைக்கிற அம்மாள் வாளியை வைத்துவிட்டுக் கேட்பார்: "காத்து பிரிஞ்சுதா?" வெள்ளிக்கிழமை இல்லை. சனிக்கிழமை இல்லை. வயிறு கல் மாதிரி இருந்தது. டாக்டர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் போனார். சொல்லாமல் போனால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், நானும் வாடிக்கையாளர் வீட்டில் அப்படித்தான் போவேன்.

நேற்று, ஞாயிறு காலை, எல்லாரும் தூக்கத்தில் இருக்கும்போது, அது பிரிந்தது.

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "யாருய்யா அது?"

"நான்தான்."

"அப்படிச் சொல்லுய்யா!" என்று கை தட்டினார். மற்ற இருவரும் தட்டினார்கள். நர்ஸ் ஓடிவந்து விஷயம் தெரிந்து அவளும் தட்டினாள். "வீட்டுக்குச் சொல்லுய்யா மொதல்ல, சந்தோஷப்படுவாங்க" என்றார் அவர்.

போனைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் வைத்திருந்தேன். இந்த மாதிரி ஒரு விஷயத்தை ஒரு மனிதன் உலகத்தில் யாரிடம் சொல்வான்? ஊரில் தெரிந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சினாள்.

போனில் சொன்னால் நீ ஏதாவது சொல்லிவைப்பாய், நான் சிரிக்க வேண்டிவரும். சிரித்தால் தையல் வலிக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

காலை ஆறு நாற்பது. நல்ல சத்தம்.

அப்பா